நகராத மெஷினும் என்கொயரி அக்காவும்

பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை ஓட்டுநர், நடத்துநர், தண்ணீர் பாட்டில் விற்பவர் எல்லோரும் என்கொயரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியில் உள்ள வட்டத் துளை வழியாக யாராவது “பஸ் எப்ப வரும்?” என்று கேட்டால், அந்த இருக்கையில் உட்காரும் மற்றவர்கள் நேரத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அக்கா திருப்பிக் கேட்பாள். “எங்க போகணும்? கூடக் குழந்தை இருக்கா? நடுவுல எங்கயாவது இறங்கணுமா?” கேள்வி கேட்க வந்தவர் பதில் சொல்லிக் களைத்துப் போவார். வரிசை நீளும், பின்னால் முணுமுணுப்பு கிளம்பும். ஆனால் அவளிடம் கேட்டுவிட்டுப் போனவர் தப்பான பஸ்ஸில் ஏறியதாக இதுவரை ஒரு பேச்சு வந்ததில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதமான எண்ணம் உண்டு. கிளம்பாமல் நிற்கிற பஸ் சும்மா நிற்பதில்லை, எதற்கோ காத்திருக்கிறது. டீசலுக்கோ, டீ குடிக்கப் போன நடத்துநருக்கோ, பின்சக்கரத்துக் காற்றுக்கோ. எதற்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அன்று அவளுக்கு வார விடுமுறை. மத்தியானம் கண்ணயரலாம் என்று தலையணையில் சாய்ந்த நேரத்தில் நாத்தனார் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணி, மெஷின் நகரவே மாட்டேங்குது.”

“நகராதுடி. அதுக்கென்ன காலா இருக்கு?”

“ஐயோ அண்ணி, விளையாடாதீங்க. துவைக்கிறதுக்கான லைட்டு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கு. துவைக்கவும் இல்ல, அலசவும் போகல.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். விஷயம் அவளுக்கும் லேசானது அல்ல. மெஷினுக்குள் கிடந்தவை தெருமுனைச் சலூனின் துண்டுகள். துணி ஆலை ஒன்றில் தைத்த உருப்படிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த நாத்தனார், ஆலையை மூடிய பிறகு வீட்டு வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை. சாப்பிடுவாள், சுவரைப் பார்த்துப் படுப்பாள். புது வீட்டுக்குக் குடிவந்தும் அதே கதைதான். போன வாரம் சலூன்காரர் துண்டு துவைக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டதாக அக்கா பேச்சுவாக்கில் சொன்னபோது, படுத்திருந்தவள் எழுந்து, “நான் பாத்துக்கறேன் அண்ணி” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அக்கா எத்தனை மாதம் காத்திருந்தாள்! சலூன்காரரும் கறாராகச் சொல்லிவிட்டார்: “நாளைக்குக் காலைல கடை திறக்கும்போது துண்டு வந்துடணும். வரலேன்னா பழைய ஆளையே கூப்பிட்டுக்கறேன்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க.”

துண்டு போய்ச் சேராவிட்டால் போவது சலூன் வேலை மட்டுமல்ல. இவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

குளியலறைக்குப் போய் முக்காலியைப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்தபின் மெஷின் ஓடுவது இதுதான் முதல் தடவை. பழைய வீட்டில் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

“மூடி சரியா மூடியிருக்கா?”

“ரெண்டு தடவ அமுக்கிட்டேன்.”

“குழாய்?”

“முழுசாத் திறந்துதான் இருக்கு.”

அக்கா குழாயை மூடி, தண்ணீர் உள்ளே போகும் பைப்பைக் கழற்றினாள். அதன் வாயிலிருந்த சல்லடையை வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். மணல் கொஞ்சம் வந்தது. மாட்டித் திறந்தால் தண்ணீர் சோவென்று பாய்ந்தது. ஆனாலும் அதே விளக்கு, அதே சிமிட்டல்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர் போனில் வந்தார். லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். மெஷின் கதையைக் கேட்டதும் உடனே வைத்தியம் சொன்னார்.

“பக்கவாட்டுல ஓங்கி ஒரு தட்டு தட்டு. என் லாரியே அப்படித்தான் கிளம்புது.”

“அதனாலதான் உங்க லாரி பாதி நாள் ஒர்க்‌ஷாப்புல படுத்துக் கிடக்கு. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்று போனை வைத்தாள்.

“மெக்கானிக்க கூப்பிட்டேன் அண்ணி. நாளை மறுநாள்தான் வருவாராம்.” நாத்தனாரின் குரல் கம்மியது.

“அவர் வரும்போது வரட்டும். இது எதுக்குக் காத்துக்கிட்டு நிக்குதுன்னு முதல்ல பாப்போம்.” மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் துண்டுகளைக்கூட மூழ்கடிக்கவில்லை. உள்சுவரில் இருந்த துளை வரிசைகளில் அடியில் இருக்கும் கடைசி வரிசையைத் தொட்டுக்கொண்டு நின்றது. “தொட்டி நிறைஞ்சாத்தானே துவைக்க ஆரம்பிக்கும்? இது தண்ணிக்குத்தான் நிக்குது.”

“இவ்வளவு நேரமா தண்ணி வந்துக்கிட்டேதானே இருக்கு?”

“அதான் கேக்கறேன். குடிச்ச தண்ணியெல்லாம் எங்கடி போச்சு?”

நாத்தனார் தயங்கினாள். “இங்க நின்னா காலுக்குக் கீழ களகளன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. பக்கத்து வீட்டுல குளிக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

“இவ்வளவு நேரமா குளிப்பாங்க? தோல் உரிஞ்சிடாது?”

அக்கா குழாயைச் சட்டென்று மூடினாள். இருவரும் தலையோடு தலை முட்ட உள்ளே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கடைசித் துளை வரிசையை விட்டுக் கீழே இறங்கியது. யாரும் எதையும் தொடவில்லை. அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் பைப், தரையோடு தரையாகப் போய்ச் சாக்கடைத் துளைக்குள் முழங்கை ஆழத்துக்குச் செருகியிருந்தது. அசையாதபடி கயிறு போட்டு இறுக்கியும் கட்டியிருந்தது. பழைய வீட்டில் அது இடுப்பு உயரத்தில் தொங்கியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பைப்பின் வாய் மேலே இருந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், மெஷின் தள்ளும்போதுதான் வெளியே போகும். வாய் கீழே இருந்தால் தானாகவே வடிந்துவிடும். பாவம் மெஷின், நிறையும் நிறையும் என்று நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

“நான்தான் கட்டினேன்” என்றாள் நாத்தனார். “பழைய வீட்டுல பைப் நழுவி, கீழ் வீட்டுல ஒழுகி, அந்தம்மா கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு. இங்கயும் அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான் ஆழமா விட்டுக் கட்டினேன். நான் தொட்டது எதுதான் உருப்பட்டிருக்கு?” சொல்லிக்கொண்டே அறைப்பக்கம் திரும்பினாள்.

“எங்கடி போற? பைப்ப யாரு தூக்கிப் பிடிக்கிறது? உங்க அண்ணனா, லாரியிலேர்ந்து எட்டிப் பிடிப்பாரா? வா இங்க.”

நாத்தனார் கயிற்றை அவிழ்த்து, சொட்டும் பைப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். களகள சத்தம் நின்றது. அக்கா குழாயைத் திறந்தாள். தண்ணீர் கடைசித் துளை வரிசையைத் தாண்டியது, அதற்கு மேலிருந்ததையும் தாண்டியது. துண்டுகள் மெல்ல முங்கின. மூடியை மூடியதும் உள்ளே டக்கென்று ஏதோ விழுந்தது. தொட்டி ஒரு முனகலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பத் தொடங்கியது.

“அண்ணி! அண்ணி!”

“கத்தாத, பக்கத்து வீட்டுல குளிக்கிறாங்க.”

மெஷினுக்குப் பக்கத்திலிருந்த வாஷ்பேசினில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அடைப்பில்லை என்று உறுதி செய்துகொண்ட அக்கா, பைப்பின் கொக்கியை அதன் விளிம்பில் மாட்டி, அதே கயிற்றால் கட்டச் சொன்னாள். நாத்தனார் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள். ஆனாலும் அலசல் விளக்கு எரிந்து, அழுக்குத் தண்ணீர் வாஷ்பேசினில் கொட்டி, ஒரு சொட்டுகூடத் தரையில் விழாமல் வடிந்து முடியும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“நகருதா?” என்று மறுபடி போனில் வந்தார் கணவர். “நான் சொன்னபடி தட்டினியா?”

“தட்டணும்னுதான் இருந்தேன். நீங்க பக்கத்துல இல்லாமப் போயிட்டீங்க.”

மறுநாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்பியபோது நாத்தனார் மடித்த துண்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சலூன்வரை கூட வரட்டுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னலில் உட்கார்ந்தபிறகும் மனசு வீட்டு வாசல்படியிலேயே நின்றது. போயிருப்பாளா? இல்லை, பையை வைத்துவிட்டுப் படுத்திருப்பாளா?

கூட்டம் அதிகமாக இருந்தது. ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை.

“மொத்தச் சந்தைக்கு எந்தப் பஸ்?” என்றது துளை வழியாக ஒரு குரல்.

“சந்தையில எந்தப் பக்கம்? என்ன வாங்கணும்?” அக்கா பழக்கதோஷத்தில் கேட்டுக்கொண்டே நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் நின்றாள். தலை வாரியிருந்தாள். தோளில் காலிப் பை.

“சோப்புத்தூள் அண்ணி. சலூன்காரர் தினமும் தரேன்னுட்டாரு. பக்கத்துல இருக்கிற பியூட்டி பார்லர்லயும் கேட்டிருக்காங்க.”

அக்கா நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எத்தனை கிலோ? தூக்கிட்டு வர முடியுமா? திரும்பி வர பஸ் எங்க நிக்கும்னு தெரியுமா?”

“ஏம்மா, நாங்கல்லாம் ஊருக்குப் போக வேணாமா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“போகலாம், போகலாம். இவங்க விசாரணை இன்னும் முடியல” என்றாள் அக்கா.