ஒத்தை செல் பாயம்மா

“எங்க புடிச்சிக்கினு அடிப்பே? கையிலயா, தலையிலயா, வாயிலயா?”

டார்ச்சுக்குச் செல் கேட்டு வந்த வாலிபர் விழிக்கிறார். கேள்வியைக் கேட்டபடியே உம்மே ஹானி அவர் கொண்டுவந்த பழைய செல்லை நகைத் தராசில் வைக்கிறார். சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல் அது. பளபளப்பான உறையில் கொள்ளளவு ‘9900’ என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. தராசு இருபத்தெட்டு கிராம் காட்டுகிறது.

“நம்பர் போட்டுட்டா ஆச்சா நைனா? நல்ல செல்லு நாப்பத்தஞ்சு கிராமாச்சும் வரணும். இதுக்குள்ள பாதி காத்து. ஆன்லைன்ல வாங்கினியா? அங்கயே போய்க் கேளு.”

வாலாஜா மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ஷட்டர் அகலத்துக்கு ஒரு கடை. ஐம்பத்து நான்கு வயதான உம்மே ஹானி அதில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். வலது முழங்கால் மடங்காது. புது டார்ச்சை விற்குமுன் எதிரே உள்ள மேன்ஷன் சுவரில் அடித்துப் பார்ப்பார். பட்டப்பகலில் சுவரில் வட்டம் தெரிந்தால்தான் அது அவருக்கு டார்ச். மூன்றாவது மாடியிலிருந்து யாராவது “பாயம்மா, கண்ணு கூசுது!” என்று கத்துவார்கள். அணைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

செல்களைப் பற்றிப் பேசும்போது ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். “லித்தியம் கோவக்காரன். வெளிச்சம் வாரிக் குடுப்பான், சூடு ஏறிச்சின்னா யாரு என்னன்னு பாக்க மாட்டான். பாஸ்பேட் பொறுமைசாலி. வெளிச்சம் கொஞ்சம் மட்டு, ஆனா அடிச்சாலும் தாங்குவான். நிக்கல் இருக்கானே, அவன் ஆபீசர். நல்லவன், ஆனா பெரிய வேலைக்கு ஆவ மாட்டான்.” லித்தியம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அடியில் வில்லை வைத்த செல்லைத்தான் கொடுப்பார். செல் ஒரேயடியாகக் காலியாகும் முன் மின்சாரத்தை வெட்டிவிடும் சிறு சர்க்யூட் அந்த வில்லையில் இருக்கிறது. “அது வாச்மேன். வாச்மேன் இல்லாத வீட்டுக்கு நான் பொருள் அனுப்பறதில்ல.”

இரண்டு செல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் டார்ச்சை அவர் விற்பதே இல்லை. எவ்வளவு கேட்டாலும் ஒரே ஒரு செல் போடும் டார்ச்தான். சந்தில் அவருக்கு ‘ஒத்தை செல் பாயம்மா’ என்று பெயர். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள்.

அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை.

கணவர் அப்துல் வஹீத் டிரான்சிஸ்டர் ரேடியோ பழுது பார்த்தவர். அவர் காலமான பிறகு கடையைத் தூக்கி நிறுத்தியவை லேப்டாப் பேட்டரிகள். செத்துப்போன லேப்டாப் பேட்டரியைப் பிளந்தால் உள்ளே ஆறு செல்கள் இருக்கும். இரண்டு மூன்றில் இன்னும் உயிர் இருக்கும். அதைப் பிரித்து, நீல நிற உறை மாட்டி, சூடு காட்டி இறுக்கி, டார்ச் செல் என்று விற்பார். சந்தில் எல்லாரும் செய்கிற வேலைதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஆனி மாதக் காலை, மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைச் சுத்தம் செய்ய கபாலி வந்தார். அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம் அவருடையது. தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கினார். இரண்டு கைகளிலும் பிரஷ். வெளிச்சத்துக்காக இரண்டு செல் டார்ச்சைப் பற்களால் கடித்துப் பிடித்திருந்தார். சம்ப் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

நான் படிக்கட்டருகே நின்றிருந்தேன். இரும்பு மூடி கருங்கல்லில் விழுந்ததுபோல ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. மேலே நின்ற அவருடைய கூட்டாளிதான் முதலில் அலறினார்.

கபாலி பிழைத்தார். கீழ்த்தாடை இரண்டாக உடைந்திருந்தது. முன்பற்கள் போயின, நாக்கில் பாதி போயிற்று. தாடையில் தகடு வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு அவர் பேசுவது மனைவி தேவானைக்கு மட்டும் புரிகிறது.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால், பத்தாம் நாள் தேவானை என்னிடம் வந்தார். வெடித்த டார்ச்சையும் செல்லின் மிச்சத்தையும் ஒரு பால் கவரில் போட்டு வைத்திருந்தார். “தனியா போனா பேச வுட மாட்டாங்க சார். நீங்க கூட வந்து நில்லுங்க, போதும்” என்றார். செல் வாங்கிய கடைக்குப் போனோம். அப்போதுதான் உம்மே ஹானியை முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் பால் கவரைக் கவிழ்த்து, கருகிய துண்டை விரல்களில் வெகுநேரம் உருட்டினார். ஆராய்கிறார் என்று நினைத்தேன்.

“இது நம்ம கடைது இல்ல” என்றார். பிறகு, “டார்ச்சுல செல்லு போட்டது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான். காலையில சார்ஜுலேந்து எடுத்து நான்தான் போட்டுக் குடுத்தேன்.”

“மாத்திப் போட்டிருப்பேம்மா. தலைகீழா போட்டா வெடிச்சிடும்.”

தேவானை தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். துண்டுகளை மறுபடி பால் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த வாரக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் அதை அப்படியே சொன்னேன். மருத்துவச் செலவுக்கென்று கொஞ்சம் கொடுத்தோம். கூட்டப் புத்தகத்தில் ‘மனைவி பேட்டரியைத் தவறாகப் பொருத்தியதால் நேர்ந்த விபத்து’ என்று எழுதப்பட்டது. கையெழுத்து என்னுடையது.

அதன் பிறகு எங்கள் காவலாளிக்கு டார்ச் வாங்க நான் அந்தக் கடைக்கே போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் கடை மாறிக்கொண்டே வந்தது. லேப்டாப் பேட்டரி மூட்டை காணாமல் போனது. தராசு வந்தது. கேள்விகள் வந்தன. இரண்டு செல் டார்ச்சுகள் மறைந்தன. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னு வையுங்க சார். பழசு சீக்கிரம் காலியாயிடும். புதுசு நிக்காது, அதுக்குள்ள கரண்ட்டைத் தள்ளிக்கினே இருக்கும். காலியானதுக்குள்ள புகை கட்டும். தண்ணி போவாத டார்ச்சு, மூடி இறுக்கமா கீது. புகை எங்க போவும்?”

யாருக்கோ நேர்ந்த விபத்து இவரை இவ்வளவு கவனமானவராக்கிவிட்டது என்று வியந்தேன். இப்படி ஒருவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. அன்று எழுதியிருந்தால் அது வேறு கட்டுரையாக இருந்திருக்கும்.

போன மாதம் தேவானை போன் செய்தார். கபாலி மறுபடி சம்ப் வேலைக்குப் போகிறார், தலையில் மாட்டும் விளக்கு வேண்டும், நல்ல கடை எது என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “அந்தப் பாயம்மா கடைக்கே வாங்க. அவங்களை மாதிரி பார்த்துக் கொடுக்கிறவங்க இல்லை” என்றேன்.

மறுநாள் நான் கடையில் காத்திருக்க, ஆஸ்பத்திரியில் கபாலியைக் காட்டிவிட்டு, எக்ஸ்ரே படங்கள் துருத்திக்கொண்டிருந்த துணிப்பையோடு பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். கபாலி கீழ்முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். உம்மே ஹானி அவரைப் பார்த்ததும் எழுந்து தன் முக்காலியை வெளியே தள்ளினார். கபாலி உட்கார்ந்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

“வாயில கடிக்காத மாதிரி குடுங்கன்றாரு” என்றார் தேவானை.

உம்மே ஹானி கேள்வி எதுவும் கேட்கவில்லை. தலைவிளக்கு ஒன்றை எடுத்தார். பக்கத்தில் இரண்டு செல்களை வைத்தார். “இது லித்தியம், வெளிச்சம் ஜாஸ்தி. இது பாஸ்பேட், வெளிச்சம் கம்மி, ஆனா வெடிக்கிற ஜாதி இல்ல. இதையே எடுத்துக்கங்க. சம்ப்புக்குள்ள இந்த வெளிச்சம் போதும்.” பாஸ்பேட் செல்லைத் தேவானையிடம் நீட்டினார். “எப்பிடிப் போடறதுன்னு பாத்துக்கம்மா.”

தேவானை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அவராண்ட குடுங்க. நான் செல்லு தொடறதில்ல. ரிமோட்டுக்குக் கூட புள்ளைங்கதான் போடுதுங்க.” குரலில் கோபம் எதுவும் இல்லை. ஊர் விவரம் சொல்வதுபோலச் சொன்னார். “எங்க மாமியா சாவற வரிக்கும் என் கையால ஒரு கிளாஸு தண்ணி வாங்கல. எம் புள்ள வாயை உடைச்ச கைன்னுச்சு. இவரும் மொத ஒரு வருசம் நான் ஊட்னா துண்ண மாட்டாரு.”

கபாலி தரையைப் பார்த்தார். உம்மே ஹானியின் கையில் செல் அப்படியே நின்றது.

“அந்தச் செல்லு என்னுதுதாம்மா” என்றார்.

தேவானைக்கு முதலில் புரியவில்லை. “எந்தச் செல்லு?”

“வெடிச்சது. நீல உறை நான் மாட்டுனது. ஒண்ணு புதுசு, ஒண்ணு லேப்டாப்லேந்து பிரிச்சது. ஜோடி இல்லன்னு எனக்குத் தெரியும். வேலைக்கு நேரமாச்சின்னு இவரு நின்னாரு, கையில இருந்ததைத் தள்ளி வுட்டேன். நீ ஒண்ணும் மாத்திப் போடல.”

“அன்னிக்கே தெரியுமா?”

“கையில வாங்குன உடனே தெரியும்.”

சந்தில் ஒரு தண்ணீர் கேன் வண்டி போனது. கபாலி தொண்டையிலிருந்து ஒரு ஒலி எழுப்பி மனைவியின் முழங்கையைப் பிடித்தார். தேவானை அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தார்.

“எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றே?” என்றார். இவ்வளவு நேரம் இருந்த மரியாதை போயிருந்தது. “நான் போடலன்னு எனக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? கேக்க வேண்டிய மாமியா செத்துப் பூட்ச்சி. எங்க பிளாக்குக்கு வா. இவரு அக்கா கீது, நாத்தனாருங்க கீறாங்க, கீழ் வூட்டுக்காரங்க கீறாங்க. ரெண்டு வருசமா என்னை ஏசுனவங்க அத்தினி பேரும் கீறாங்க. அங்க வந்து சொல்லு.”

கூட்டப் புத்தகத்தைப் பற்றி நான் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது.

உம்மே ஹானி ஆணியில் தொங்கிய புர்க்காவை எடுத்து மாட்டிக்கொண்டார். ஷட்டரை இறக்கி, மடங்காத காலை இழுத்தபடி சந்து முனைவரை அவர்களுக்குப் பின்னால் நடந்தார். ஆட்டோ நின்றது. கபாலி முதலில் ஏறினார், அடுத்து தேவானை. மிச்சமிருந்த இடத்தில் எக்ஸ்ரே பையை வைத்துவிட்டுத் தேவானை நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரவில்லை, பையை எடுக்கவும் இல்லை.

உம்மே ஹானி சற்று நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பையைத் தூக்கி, இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, சீட்டின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார்.