எதிர்த்த ஓட்டல் பொங்கல்

"...பொங்கல் ஆறித்தானுங்கக்கா கெடக்குது. ஆனா இங்க எந்திரின்னு யாரும் வெரட்டறதில்லீங்க" என்றார் லாரி டிரைவர் செல்வம்.

பல வருடமாக என் இட்லிக் கடையில் சாப்பிட்டவர். நாமக்கல் பைபாஸில், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஓட்டல் ஒன்று என் கடைக்கு எதிரே வந்ததும் அங்கே மாறிவிட்டார். அங்கே நிற்கும் லாரிகளைப் பார்த்து அடுப்பில்லாமலே என் வயிறு எரிந்தது. குறை கண்டுபிடிக்கவே ஒருநாள் காலையில் அங்கே சாப்பிடப் போனேன். பொங்கல் சில்லிட்டிருந்தது, சாம்பாரில் உப்பில்லை. உள்ளூர ஒரே சந்தோஷம். எழுந்து செல்வத்தின் மேசைக்கே போய், "இந்தப் பொங்கலுக்கா தம்பி என் கடையை உட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். "அடுத்த ஆளு நிக்குதுங்க" என்று சொல்லி, கடைசி வாய் இறங்கும் முன்பே அவரை எத்தனை நாள் கிளப்பியிருக்கிறேன்!

செல்வம் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.