ஏழாம் தேதிவரை ஓடவேண்டிய படம்

ஐந்தாவது படித்தபோது, காலாண்டு விடுமுறையில், ஒரே படத்தை நான் ஒன்பது முறை பார்த்தேன். எங்கள் ஆரம்பாக்கத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் தாய்மாமாவின் புண்ணியம். இருந்த ஒரே கழனியை அடமானம் வைத்து, அந்தப் படத்தைக் கும்மிடிப்பூண்டியில் ஓட்டும் உரிமையை மொத்தத் தொகை கொடுத்து வாங்கியிருந்தார். வசூலில் தியேட்டரின் பங்கு போக மீதி அவருக்கு. வசூல் இல்லையென்றால் கழனி இல்லை. சென்னையில் வியாபாரிகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது மாமா அழுதுவிட்டாராம். தன்னை அழவைத்த படம் ஊரையே அழவைக்கும் என்று நம்பிவிட்டார்.

படம் வந்ததோ மாதக் கடைசியில். ஊரைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் கம்பெனி ஆட்களுக்கு ஏழாம் தேதிதான் சம்பளம். "ஏழாந்தேதி வரிக்கும் தாக்குப் புடிச்சா போதும். கையில காசு வந்தா தானா வருவானுங்க," என்றார் மாமா. ஆனால் மூன்று நாள் தொடர்ந்து டிக்கெட் விற்பனை ஓர் அளவுக்குக் கீழே போனால் படத்தைத் தூக்கிவிடலாம் என்பது தியேட்டரோடு போட்ட ஒப்பந்தம்.

அதனால் மாமா தானே டிக்கெட் வாங்க ஆரம்பித்தார். அந்தப் பணத்தில் பாதி அவருக்கே திரும்பி வரும். இடது பையிலிருந்து வலது பைக்குப் போகிற வழியில் மறுபாதி காணாமல் போய்விடும். தினமும் சொந்தபந்தம் அத்தனையும் ரயிலேறிப் போய்ப் பகல் காட்சியில் உட்கார்ந்தோம். பெரியம்மா மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துத் தூங்கினாள். நான் கதாநாயகி வாயைத் திறப்பதற்குள் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவேன்.

இவ்வளவு செலவுக்கு நடுவே தின்பண்டத்துக்கு வேறு அழவேண்டுமா என்று, மாமாவின் மனைவியான அத்தை, தூக்குச்சட்டி நிறையப் புளிசாதம் கட்டிவந்தாள். வினை அதில்தான் வந்தது. தியேட்டருக்குக் கேண்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும் டிக்கெட்டுக்கு இளைத்த வருமானமில்லை. அரங்கில் அத்தனை தலைகள் இருந்தும் ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை, கேண்டீனில் ஒரு டீ போகவில்லை. மேனேஜருக்கு அது உறுத்தியிருக்கவேண்டும்.

நான்காம் தேதி இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார். "இன்னா பாப்பா, படம் புடிச்சிருக்குதா?"

"இது ஒம்போதாவது தபா," என்றேன். பெருமை தாங்கவில்லை. "நான் மட்டுமில்ல, இங்க கீறவங்க எல்லாருமே எங்க சொந்தக்காரங்கதான். எங்க மாமாதான் டிக்கெட் எடுத்துக் குடுக்கும்."

மேனேஜருக்கென்று இலையில் புளிசாதம் எடுத்துக்கொண்டு வந்த மாமா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். மேனேஜர் இலையை வாங்கிக்கொண்டார். "உள்ள போம்மா, படம் போட்டுட்டாங்க," என்று மாமா என்னை அனுப்பிவைத்தார்.

சொந்தக்காரர்களுக்கு எடுத்த டிக்கெட் விற்பனையில் சேராது என்று சொல்லி, மறுநாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

ஏழாம் தேதி மாமா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னது பொய்யாகவில்லை. சம்பளம் வாங்கிய கம்பெனி ஆட்களின் வரிசை கேட்டைத் தாண்டி ரோடுவரை நின்றது. ஓடியதுதான் வேறு படம்.

"நீ சொன்ன மாதிரியே வந்துட்டாங்க மாமா," என்றேன்.

எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொடுத்துவிட்டு அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். படம் விட்டு வந்ததும், "எங்கெங்க சிரிச்சாங்க?" என்று கேட்டார். ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ஸ்டேஷன்வரை நடந்தார்.

தை மாதத்தில் மாமாவின் கழனியை வேறு யாரோ அறுத்தார்கள். அதன்பிறகு எல்லோரும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அத்தை ஆரம்பித்துவிடுவாள்: "எந்த நாதாரி போட்டுக் குடுத்தானோ, அவன் ஊடு வெளங்காது." நானும் சேர்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் அந்த ஆளுக்குக் கொடுப்பேன். மாமா மட்டும் ஒருநாளும் திட்டியதில்லை. "சாப்புட்ற நேரத்துல இன்னா பேச்சு இது, கொழந்தைக்கு ரசம் ஊத்து," என்பார்.

மாமாவுக்கு ரோஷமே கிடையாது என்று அப்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வரும்.