எட்டு ஆகாதுங்க

எங்கள் கம்பெனிக்கு வந்ததிலேயே உருப்படியான ஆர்டர் அதுதான். ஜெர்மனியில் எழுபது வருஷத்துக்கும் மேலாக ஓடுகிற ஒரு டிவி செய்தி, அதைப் பார்க்கிறவர்களுக்கு டி-சர்ட். நெஞ்சில் ஒரு கடிகாரம், முள் இரண்டும் சரியாக ராத்திரி எட்டு மணியில். அவ்வளவுதான் டிசைன். இதில் கெடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நான் இங்கே மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கும் எங்கள் ஃபேக்டரிக்கும் நடுவில் மெயில் எழுதியே தேய்கிறவள். ஜெர்மன் படித்ததே அந்தச் செய்தியைப் பார்த்துத்தான். உடுமலையிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், காலையில், போனில் முந்தின நாள் செய்தி, பதினைந்து நிமிஷம். ஒரு மணியோசை, பிறகு ஒருவர் கையில் காகிதத்தோடு கத்தாமல் வாசிப்பார். நாலு பேரை உட்காரவைத்துக் குரைக்கவிடும் நம் சேனல்களில் வளர்ந்தவளுக்கு அதுவே பெரிய விஷயம். இந்த ஆர்டர் ஓகே ஆனால் ஜெர்மன் வேலை முழுக்க எனக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சாம்பிள் பிரிண்ட் வந்தது. கடிகாரத்தில் மணி ஒன்பது.

"மொதலாளிதாம்மா மாத்தச் சொன்னாவ," என்றார் பிரிண்டிங் மாஸ்டர், தூத்துக்குடிக்காரர். "கார் நம்பர் கூட்டுனா எட்டு வருதுன்னு காரையே வித்த ஆளுல்லா."

முதலாளி அறைக்குப் போனேன். சுவரில் ஏற்றுமதி விருதுகள், மேஜையில் எண்கணித ஜோசியர் எழுதிக்கொடுத்த அட்டை. விருதைவிட அட்டைதான் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"ஏனுங்க சார், எட்டு மணிதானுங்க அந்தச் செய்தியே," என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் சரித்திரம் சொன்னேன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் வாரத்துக்குச் சில நாள் மட்டும் வந்தது, தியேட்டரில் ஓட்டின செய்திப்படத் துண்டுகளை ஒட்டிப் போட்டது, ஒரு பெண் வாசிக்க உட்கார இருபது வருஷத்துக்கு மேல் ஆனது, நாடு இரண்டாக உடைந்து கிடந்த காலத்திலும் நிற்காமல் ஓடியது, எட்டிலிருந்து எட்டேகாலுக்குள் அந்த ஊரில் யாரும் யாருக்கும் போன் பண்ணமாட்டார்கள் என்பது எல்லாம்.

பொறுமையாகக் கேட்டார். "எல்லாஞ் சரி அம்மிணி. எட்டு சனியில்லீங்களா? அவங்க நாடு ரெண்டா ஒடஞ்சு கெடந்துதுன்னு நீயேதான சொன்னே."

"ஒடஞ்சது செய்தியாலயாங்க?"

"அதெனக்குத் தெரியாது கண்ணு. எட்டு ஆகாது."

இந்த மனிதருக்கு எம்.பி.ஏ. படித்த மகன் வேறு. அவனும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான்.

ஒன்பது போட்டு அனுப்பினால் பையர் சிரித்துவிட்டு வேறு கம்பெனியைப் பார்ப்பார். என் ஜெர்மனும் பஸ்ஸோடு போகும். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். அந்தச் செய்தியை அவர்கள் எட்டு மணிச் செய்தி என்றே சொல்வதில்லையே, இருபது மணிச் செய்தி என்றல்லவா சொல்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்ப உள்ளே போனேன்.

"சார், முள்ளே வேண்டாமுங்க. இருபது, சைபர், சைபர்னு நம்பராவே போட்டுரலாங்க. கூட்டுனா ரெண்டு."

அட்டையை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு சந்திரன். கடல் தாண்டுற யாவாரத்துக்கு அதான் வேணும். இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பையரிடம் கேட்டு மெயில் போட்டேன். நாங்கள் கொடுத்த டிசைனைவிட இது நன்றாயிருக்கிறது என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

ஜெர்மன் வேலை இப்போது என்னிடம்தான். அரை மணி நேரம் சொன்ன சரித்திரத்துக்காக இல்லை, பஸ்ஸில் படித்த ஜெர்மனுக்காகவும் இல்லை. அந்த வேலையைக் கையில் கொடுக்கும்முன் முதலாளி என் பிறந்த தேதியைக் கேட்டார். இருபது.