துபாய்த் தைலம்

சிறையிலிருந்து வெளியே வந்த அன்று அண்ணன் என்னை நேராகத் தன் ஊரப்பாக்கம் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. வழியில் ஒரு கடையில் இறங்கி ஒரு டஜன் தைலம் பாட்டிலும் வாசனை சோப்பும் வாங்கினார். மூன்று வருடமாக நான் துபாயில் வீட்டு வேலை செய்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். துபாயிலிருந்து வருகிறவள் வெறுங்கையோடு வந்தால் யார் நம்புவார்கள்? ஆகவே ஜெயில் வாசலிலிருந்து வந்த கையோடு வீடு வீடாகப் போய்த் தைலம் கொடுத்தேன். "அங்க வெயில் ஜாஸ்தியா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம், தாங்காது என்றேன். பொய் என்று முடிவான பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

ஜெயிலுக்குப் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வந்து மகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த கணவரை அரிவாள்மணையால் வெட்டினேன். பிழைத்துக்கொண்டார். இப்போது வேறு ஊரில், வேறு ஒருத்தியோடு நன்றாகவே இருக்கிறார். நான் காய் நறுக்கச் சின்னக் கத்திதான் வைத்திருக்கிறேன்.

மகள் பதினொன்றாவது படித்தாள். அவளை என்னோடு அனுப்ப அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். "ஒரே எடத்துல ஆறு மாசம் வேலைல நில்லு. அப்புறம் இட்னு போ. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?" கோபம் வந்தது. ஆனால் மூன்று வருடம் என் பெண்ணுக்குச் சோறு போட்டவர் அவர்தான். சரி என்றேன்.

கேளம்பாக்கத்தில் ஒற்றை அறை பிடித்து, மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரமாக இருந்த ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கும் பகுதியில் சேர்ந்தேன். அங்கேயும் நான் துபாய்க்காரிதான். என்னோடு இஸ்திரி போடும் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மதியம் என் குழம்பை அவள் எடுத்துக்கொள்வாள், அவள் கருவாட்டை நான் எடுத்துக்கொள்வேன்.

ஆறாவது மாதம் தீயணைப்பு ஒத்திகை என்றார்கள். மணி அடித்ததும் எல்லோரும் புல்தரைக்கு ஓடிவர வேண்டும், மேனேஜர் தலை எண்ணுவார். வந்தோம். ஆளாளுக்கு போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். காவலாளி நீளமாக விசில் ஊதினார்.

அவ்வளவுதான். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். அதோடு விட்டேனா, பக்கத்தில் நின்ற இஸ்திரிக்காரியின் கையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி, கணக்கு எடுக்குறாங்க" என்றேன். அவளும் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். ஜெயிலில் காலையும் மாலையும் அப்படித்தான், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தால்தான் எண்ணுவார்கள். மூளை மறந்தாலும் முழங்கால் மறக்கவில்லை.

"இன்னாக்கா, துபாய்ல இப்படியா குந்த வைப்பாங்கோ?" என்று எழுந்ததும் கேட்டாள்.

"துபாய் இல்ல. ஜெயிலு."

ஏன் உண்மையைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அலுத்துப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

அன்று மதியம் அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். என் குழம்பு அப்படியே இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். சிலர் பயப்படுகிறார்கள், என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன் என்றார். ஆறு மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அவர் மேசையில் முந்தின நாள் எண்ணிக்கைத் தாள் கிடந்தது. நான்கு முறை எண்ணி, நான்கும் வேறு வேறு. அடுத்த வாரம் தீயணைப்புத் துறை அதிகாரி ஒத்திகையை நேரில் பார்க்க வருகிறாராம்.

"சார், ரெண்டு ரெண்டு பேரா நிக்க வெச்சு எண்ணுங்க. தப்பவே தப்பாது" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

அவர் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். "அப்போ நீங்களே நிக்க வைங்க" என்றார்.

அதிகாரி வந்த அன்று மணி அடித்தது. ஓடிவந்தவர்களை நான் வரிசைப்படுத்தினேன். இஸ்திரிக்காரிக்கு ஜோடி அமையவில்லை. தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"குந்தணுமாக்கா?"

"வாணாம். நின்னுகினே இரு."

ஒரே தடவை எண்ணியதில் கணக்குச் சரியாக வந்தது. மதியம் அவள் என் மேசைக்கு வந்து கருவாட்டை என் தட்டில் வைத்தாள்.

வேலை நிலைத்துவிட்டது என்று சொல்ல மகளுக்குப் போன் செய்தேன். ரிசார்ட்டில் எல்லோருக்கும் ஜெயில் விஷயம் தெரிந்துவிட்டது, இனி உன் தெருவுக்கும் வரும், தயாராக இரு என்று பயந்து பயந்து சொன்னேன்.

அவள் சிரித்தாள். "மா, தெருவுல எல்லாருக்கும் அப்பவே தெரியும். நீ குடுத்த தைலத்துல மெட்ராஸ் கடை ஸ்டிக்கர் ஒட்டினு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் யாரும் ஒண்ணும் கேக்கல?"

"நான்தான் வூடு வூடா போய் நெசத்தச் சொல்லி, உன்ன ஒண்ணும் கேக்க வேணாம்னேன்."

ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலை அவள் இரண்டு பையோடு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஒரு பையை நான் வாங்கிக்கொண்டேன்.