சத்தமில்லாமல் நான் நீக்கிய மென்பொருள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, தொழிற்சாலையின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரு மென்பொருளைப் போடவோ எடுக்கவோ என்னால் முடியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

லேபிள் அச்சடிக்கும் பழைய மென்பொருள் பாதுகாப்பில்லாதது, எல்லா இடத்திலும் நீக்கிவிடுங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. இப்படி நீக்கும்போது திரையில் எதுவுமே காட்டாமல் செய்வதுதான் எங்கள் வழக்கம். 'நீக்கலாமா?' என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தால் போதும், ஆளாளுக்கு போன் போட்டு என் உயிரை எடுத்துவிடுவார்கள். யாராவது அதை இன்னும் பயன்படுத்துகிறார்களா என்றும் பார்த்தேன். மூன்று மாதமாக ஒருவர்கூட திறக்கவில்லை என்றது ரிப்போர்ட். காலை பதினொரு மணிக்கு என் சீட்டில் இருந்தபடியே ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனேன்.

டீ பாதிகூட இறங்கவில்லை, சரக்கு அனுப்பும் பகுதியிலிருந்து போன். லேபிள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம். எங்களிடம் உதிரிபாகம் வாங்கும் கார் கம்பெனி, லேபிள் ஒட்டாத பெட்டியை கேட்டுக்குள்ளேயே விடாது. அவர்களிடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் இருப்பும் இருக்காது. லாரி ஏற்கெனவே வந்து நிற்கிறது. ஓடினேன்.

அங்கே சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். பென்னலூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்கின் மேல் இருக்கும். எதிரே லேபிள் அடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண். திருநெல்வேலிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான், ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவள்.

"இன்னாத்தம்மா அமுக்குன? இம்மா நேரம் நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சு?"

"நான் எதையும் தொடல சார். லேபிள் வந்துக்கிட்டே இருந்துச்சு, தானா மூடிட்டு."

"தானா எப்படிம்மா மூடும்?"

திரையருகே போனதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மானிட்டரின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'மூடாதே.' மூடித் திறந்தால் பிரிண்டர் மறுபடி சேர ரொம்ப நேரம் ஆகும் என்பதால், அந்த மென்பொருளை ஒருமுறை திறந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று ஷிப்டும் திறந்த திரையையே கை மாற்றிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். என் ரிப்போர்ட்டோ எத்தனை முறை திறந்தார்கள் என்பதைத்தான் எண்ணும். மூடவே மூடாத ஒன்றை யார் மறுபடி திறக்கப் போகிறார்கள்? தொழிற்சாலையிலேயே அதிகம் உழைத்த மென்பொருளைத்தான் நான் யாருக்கும் வேண்டாதது என்று எடுத்து எறிந்திருக்கிறேன்.

அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பாக்கறேன், பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மென்பொருளை மறுபடி போட உட்கார்ந்தேன். முதலில் லாரி போகட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு சமாதானம். உள்ளுக்குள் வேறு ஒரு கணக்கும் ஓடியது. திரையில் எந்தத் தடயமும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அதற்குள் சூப்பர்வைசர், ஆள் அனுப்பும் கான்ட்ராக்டருக்கு போன் போட்டுவிட்டார். "நாளைலேந்து வேற ஆள அனுப்புப்பா, இந்தப் பொண்ணு வேணாம்."

திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, மேஜையை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள். மறுபடி எதன் மேலாவது கை பட்டுவிடுமோ என்ற பயம். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "இவங்க எதுவும் பண்ணல. நான்தான் என் சீட்ல இருந்து அந்த சாப்ட்வேரை எடுத்தேன்."

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "இன்னா சார் நீ, வந்தவொடனே சொல்ல வேணாம்?" என்றார். நியாயம்தானே. உடனே கான்ட்ராக்டரை மறுபடி கூப்பிட்டு, "அந்தப் பொண்ணே இருக்கட்டும், தப்பு எங்க ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டார்.

மென்பொருள் ஏறியது. லேபிள் வடிவங்களும் சேர்ந்து அழிந்திருந்தால் அன்றைய நாள் தொலைந்தது. நல்லவேளை, அவை வேறு ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. பிரிண்டரிலிருந்து முதல் லேபிள் வெளியே வந்தபோது அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. அப்பாடா! லாரி நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கார் கம்பெனியில் உற்பத்தி லைன் நிற்கவில்லை. மாலையில் என் மேனேஜர் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கோ உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று தயாராக நின்றேன்.

"நல்லவேள சொன்னிய சார்," என்றாள். "அவர் திரும்பத் திரும்பக் கேக்கவும், நாந்தான் தெரியாம எதையோ தொட்டுட்டேன் போலன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

இப்போதெல்லாம் எதை நீக்குவதாக இருந்தாலும், முதல் நாளே அந்தந்தத் திரையில் என் பெயரோடும் போன் நம்பரோடும் ஒரு தகவல் வரும்படி வைத்துவிடுகிறேன். ஆளாளுக்கு போன் போட்டு உயிரை எடுக்கத்தான் செய்கிறார்கள். எடுக்கட்டும். தன் மேல் தப்பே இல்லாத ஒருத்தி தன்னையே சந்தேகப்படும் அளவுக்கு நான் ஒருநாள் வாய்மூடி நின்றதையும், நல்லவேளையாக அன்றே வாய் திறந்ததையும் நினைத்தால், எத்தனை போன் வந்தாலும் எடுத்துப் பதில் சொல்ல எனக்கு அலுப்பதே இல்லை.