செல்வியின் பக்கம் திரும்பிய மானிட்டர்

"டாக்டரம்மா, என் பை மூடிக்கிச்சாமே? இனிமே தெறக்காதாமே?"

டேபிளில் படுத்தபடி செல்வி கேட்டபோதுதான் அந்த யோசனை எனக்குப் பளிச்சென்று வந்தது.

செல்வி நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர். இரண்டு வருடங்களுக்கு முன் கரு கலைந்து, வேறொரு இடத்தில் சுத்தம் செய்திருந்தார்கள். அதன்பிறகு கரு தங்கவே இல்லை. எக்ஸ்ரேயில் கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று சந்தேகம். அதை நான் போன வாரம் சொன்னது அவரிடமல்ல, வராந்தாவில் நின்ற கணவரிடம். எங்கள் மயிலாப்பூர் கிளினிக்கில் அதுதான் வழக்கம். நான் சொன்ன சந்தேகம், வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பாகிவிட்டது.

"யாரு சொன்னா?"

"மாமியாதான். வயித்துல புள்ளய வெச்சிக்கினு மீன்கூடை தூக்கினேன்ல, அதான் இப்டியாம்."

ஹிஸ்டரோஸ்கோப்பியில் மெல்லிய கேமராக் குழாயை நுழைத்து, சலைன் என்ற உப்புநீர் விட்டு, கர்ப்பப்பையை உள்ளிருந்தே பார்ப்போம். ஸ்கேனில் நழுவுவதும் இதில் சிக்கும். சின்னக் கோளாறு என்றால் அப்போதே சரிசெய்யலாம். அன்று மயக்க மருந்து இல்லை, செல்வி விழித்திருந்தார். மானிட்டர் மட்டும் வழக்கம்போல எங்கள் பக்கம்.

"மேடம், இவங்க பக்கம் திருப்பட்டுமா?" என்று குழாயைப் பிடித்திருந்த சீஃப் டாக்டரிடம் கேட்டேன்.

சீஃப் முறைத்தார். "சினிமா காட்டறியா? பயந்துண்டு அசைஞ்சாள்னா?"

"ஆடமாட்டேம்மா. காட்டு," என்றார் செல்வி.

திருப்பினேன். இளஞ்சிவப்புச் சுவர்கள்; நடுவே வெள்ளையாக ஒரு நாடா.

"சுத்தம் பண்ணின எடம் ஆறறப்போ ஒட்டிண்டிருக்கு." சீஃப் இப்போது நேராகச் செல்வியிடமே பேசினார். "கூடை தூக்கினா இது வராதும்மா."

குட்டிக் கத்தரி நுழைந்து நாடாவை வெட்டியது.

"அட, இத்துனூண்டு நூலுக்கா ரெண்டு வருசமா என்னைப் பேசிக்கினு கீறாங்க?" செல்வி சிரித்தார். சிரிப்பு அழுகையானது.

"ஆடாதே, ஆடாதே!" என்று சீஃப் அதட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெட்டியதோடு வேலை முடியாது. மறுபடி ஒட்டலாம், மாத்திரை உண்டு, இன்னொரு முறை உள்ளே பார்க்கவும் வேண்டும். குழந்தை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதுவானாலும் உடம்புக்குச் சொந்தக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

அடுத்த மாதம் அந்த இரண்டாவது பார்வை, செகண்ட் லுக். அன்று மாமியாரையும் உள்ளே விடச் சொல்கிறார் செல்வி. "நான் சொன்னா நம்பாது. அதுவே வந்து பாக்கட்டும்."

சீஃப் இன்னும் சம்மதிக்கவில்லை. அன்று சேமித்த நாடாவின் படத்தை எடுத்து வைத்துவிட்டேன். திரை தெரிகிற கோணத்தில் மாமியார் உட்கார ஒரு ஸ்டூலுக்கும் இடம் பார்த்தாயிற்று.